விளையாட்டுப் பயிற்சி மையத்துக்கு வரிப்பணம்: ராக் ஹில் ஒப்பந்தத்தைக் கொண்டு ஓர் எளிய விளக்கம்

அமெரிக்காவின் தென் கரோலைனா மாநிலத்தில் ராக் ஹில் என்று ஒரு நகரம் இருக்கிறது. மாநில எல்லைக்கு அப்பால், வட கரோலைனாவில் உள்ள சார்லட் பெருநகரத்திலிருந்து தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மக்கள்தொகை சுமார் 75,000. ஐ-77 நெடுஞ்சாலை வழியாக 2021-இலும் 2022-இலும் அந்நகரைக் கடந்தவர்கள், சாலையோரத்தில் ஒரு பெரிய எஃகுச் சட்டகம் எழும்பி வந்ததையும் பிறகு அப்படியே நின்றுபோனதையும் பார்த்திருப்பார்கள். சார்லட்டில் ஆடும் கரோலைனா பாந்தர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் தலைமையகமும் பயிற்சி மையமுமாக அது ஆகியிருக்க வேண்டியது. சுமார் 240 ஏக்கர் நிலத்தில் 80 கோடி டாலர் மதிப்பில் திட்டமிடப்பட்ட அந்தப் பணி 2022-இல் கைவிடப்பட்டது. சட்டகம் 2023-இல் இடித்து அகற்றப்பட்டது.

தனியார் அணி ஒன்று தன் சொந்தக் கட்டடத்தைப் பாதியில் விட்டால் அது அதன் நட்டம்தானே, ஊருக்கு அதில் என்ன வந்தது என்று தோன்றலாம். ஆனால் அந்த இரும்புக்குப் பின்னால் ஒரு மாநில அரசின் வரிச்சலுகையும், ஒரு நகராட்சியின் கடன் பத்திர வாக்குறுதியும், சாலை போடுவதற்காக மக்கள் செலுத்திய விற்பனை வரியும் இருந்தன. பயிற்சி மையத்துக்கு வரிப்பணம் தரலாமா என்ற விவாதம் அமெரிக்காவில் ஏதேனும் ஓர் ஊரில் எப்போதும் நடந்துகொண்டே இருக்கிறது என்றாலும், பொதுப்பணம் எந்தெந்த வழிகளில் வெளியே போகிறது, எந்த வழி ஆபத்தானது என்பதை ராக் ஹில் அளவுக்குத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆகவே புதிதாக இதைப் படிக்க வருபவர்களுக்கு அதையே பாடமாக எடுத்துக்கொள்கிறேன்.

நம் வாசகர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்தியாவில் விளையாட்டுப் பயிற்சி மையம் என்றதும் பாட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனம் போன்ற ஓர் அரசு அமைப்பே நினைவுக்கு வரும். அரசு கட்டுகிறது, அரசு நடத்துகிறது, நாட்டுக்காக ஆடுபவர்கள் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். அமெரிக்காவில் இப்போது நாம் பேசும் மையமோ ஒரு வணிக நிறுவனத்தின் பணியிடம். பாந்தர்ஸ் அணியை டேவிட் டெப்பர் என்ற முதலீட்டு நிதி அதிபர் 2018-இல் 227.5 கோடி டாலருக்கு வாங்கினார். அந்த விலையை மனத்தில் வைத்துக்கொண்டு படித்தால்தான், அங்கே எழும் கோபமும் அங்கே சொல்லப்படும் நியாயமும் விளங்கும்.

பணம் வெளியேறும் வாசல்கள்

எவருக்கும் உடனே புரியும் வழி, அரசே பணம் செலவழித்துக் கட்டிக்கொடுப்பது. வர்ஜீனியா மாநிலத் தலைநகரான ரிச்மண்ட், இன்று கமாண்டர்ஸ் என்று அழைக்கப்படும் வாஷிங்டன் அணியுடன் 2012-இல் இப்படியோர் ஒப்பந்தம் செய்துகொண்டது. அணி தன் கோடைக்காலப் பயிற்சி முகாமை ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று வாரம் அந்நகரில் நடத்தும். அதற்காக நகரம் சுமார் 1 கோடி டாலர் செலவில் ஒரு மையம் கட்டித் தரும். அதற்கும் மேலாக ஆண்டுக்கு 5 லட்சம் டாலர் பெறுமானத்தை ரொக்கமாகவோ சேவையாகவோ எட்டு ஆண்டுகளுக்கு அணிக்கு அளிக்கும். வீட்டையும் கட்டிக்கொடுத்து, குடிவருபவருக்கு மாதாமாதம் பணமும் கொடுத்த வீட்டுக்காரரின் நிலைதான் இது. மையம் 2013 கோடையில் திறக்கப்பட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் அணி முகாமைத் தன் சொந்த மையத்துக்கே மாற்றிக்கொண்டது. இதில் வாசகர் குழம்புவதற்கு ஒன்றுமில்லை. கொடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது, போனதும் தெரிகிறது.

குழப்பம் தொடங்குவது இரண்டாவது வழியில். அரசு எதையும் தன் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பதில்லை. தனக்கு வர வேண்டியதை வாங்காமல் விடுகிறது. வரிச்சலுகை என்பது இதுதான். நூறு ரூபாய் வரி கட்ட வேண்டியவரிடம் நாற்பது ரூபாயை விட்டுக்கொடுப்பதும், நூறையும் வாங்கிக்கொண்டு நாற்பதைத் திருப்பிக் கொடுப்பதும் கணக்குப் புத்தகத்தில் ஒன்றே. ஆனால் அரசியலில் இரண்டும் ஒன்றல்ல. செலவு என்றால் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தில் எழுதி, வாக்கெடுத்து, பத்திரிகைகளின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். வாங்காத வரிக்கு ஒரு முறை சட்டம் இயற்றினால் போதும், பிறகு பதினைந்து ஆண்டுகள் அது யார் கண்ணிலும் படாது. ‘இதில் மக்களின் வரிப்பணம் ஒரு காசும் இல்லை’ என்று ஆதரவாளர்கள் அடித்துச் சொல்வதற்கும், ‘கொள்ளை போகிறது’ என்று எதிர்ப்பவர்கள் சொல்வதற்கும் பெரும்பாலும் இந்த ஒரே தொகைதான் காரணமாக இருக்கும்.

தென் கரோலைனாவின் சட்டமன்றம் 2019-இல் பாந்தர்ஸ் அணிக்கு அளித்தது இவ்வகைச் சலுகை. தொழிற்சாலைகளை ஈர்ப்பதற்காக அம்மாநிலத்தில் ஏற்கெனவே ஒரு வேலைவாய்ப்பு வரிச்சலுகை இருந்தது. ஒரு நிறுவனம் புதிய வேலைகளை உருவாக்கினால், அத்தொழிலாளர்களின் ஊதியத்திலிருந்து மாநிலத்துக்காகப் பிடித்தம் செய்யப்படும் வருமான வரியின் ஒரு பகுதியை அந்நிறுவனமே திரும்பப் பெற்றுக்கொள்ளலாம். தொழில்முறை விளையாட்டு அணியும் இதற்குத் தகுதி பெறும் வகையில் சட்டம் திருத்தப்பட்டது. 15 ஆண்டுகளில் இதன் மதிப்பு சுமார் 11.5 கோடி டாலர் என்று சொல்லப்பட்டது. ஆளுநர் ஹென்றி மெக்மாஸ்டர் 2019 ஜூன் மாதத்தில் அதில் கையெழுத்திட்டார்.

ஆட்டக்காரரின் வேலை நாள்

இந்தச் சலுகையின் உள்ளே ஒரு நுட்பம் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ளாமல் எந்தத் தரப்பின் வாதத்தையும் எடைபோட முடியாது என்பதால் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

அமெரிக்காவில் மத்திய அரசின் வருமான வரி தவிர, பெரும்பாலான மாநிலங்களும் தனியே வருமான வரி வசூலிக்கின்றன. பல மாநிலங்களில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரரின் வருமானம் எந்த மாநிலத்தைச் சேரும்? அதை ஆட்ட நாட்களைக் கொண்டு மட்டும் தீர்மானிப்பதில்லை. பயிற்சி, கூட்டம், முகாம் என்று அணிக்காக அவர் வேலை செய்த எல்லா நாட்களையும் கூட்டி, அதில் எந்த மாநிலத்தில் எத்தனை நாள் கழிந்ததோ அந்த விகிதத்தில் ஊதியத்தைப் பிரிக்கிறார்கள். இங்கேதான் பயிற்சி மையத்தின் உண்மையான மதிப்பு இருக்கிறது. ஓர் அணி ஆண்டில் சொந்த மைதானத்தில் ஆடும் நாட்கள் பத்தைச் சுற்றித்தான் இருக்கும்; ஆனால் அது பயிற்சி செய்யும் நாட்களோ நூற்றுக்கும் மேல்.

கற்பனையாக ஓர் ஆட்டக்காரரை எடுத்துக்கொள்வோம். ஊதியம் 10 லட்சம் டாலர், வேலை நாட்கள் 200. அவற்றில் 150 நாட்கள் ராக் ஹில்லில் பயிற்சி. அப்படியானால் அவருடைய ஊதியத்தில் 7.5 லட்சம் டாலர் தென் கரோலைனாவில் ஈட்டியதாகக் கணக்கு. அம்மாநிலத்தின் உச்ச வரி விகிதம் அப்போது 7 சதவீதம். விகிதப் படிகளையும் கழிவுகளையும் விட்டுவிட்டுத் தோராயமாகச் சொன்னால் 52,500 டாலர் அம்மாநிலத்துக்கு வரும். அவர் சார்லட்டிலேயே குடியிருந்தாலும் இதில் மாற்றமில்லை. அண்டை மாநிலத்தில் கட்டிய வரியை வட கரோலைனா தன் கணக்கில் கழித்துக்கொடுத்துவிடும். அதாவது ஆட்டங்கள் சார்லட்டிலேயே நடக்க, பயிற்சி மைதானம் மட்டும் 40 கிலோமீட்டர் நகர்ந்தால், ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்களின் வருமான வரியில் பெரும்பங்கு ஒரு மாநிலத்தின் கருவூலத்திலிருந்து மற்றொன்றின் கருவூலத்துக்கு நகரும். 2019-இல் ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குச் செலவிட அனுமதிக்கப்பட்ட உச்ச வரம்பு 18.82 கோடி டாலர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், தென் கரோலைனா ஏன் ஆசைப்பட்டது என்பது விளங்கும்.

ஆதரவாளர்களின் வாதம் இதிலிருந்து நேராகப் பிறக்கிறது. அணி வராவிட்டால் நமக்கு வரி சுழியம். வந்தால் ஒரு தொகை வரும். வருவதில் ஒரு பகுதியை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தாலும் மீதி நமக்கு லாபம். ஆகவே நம் கையிலிருந்து எதுவும் போகவில்லை. மாநில எல்லைக்குள் மட்டும் நின்று பார்த்தால் இதில் தருக்கப் பிழை இல்லை. எல்லையை அழித்துவிட்டுப் பார்த்தால் வேறு காட்சி தெரியும். இரண்டு கரோலைனாக்களிலும் சேர்த்து ஒரு வேலையும் கூடவில்லை, ஓர் ஆட்டமும் கூடவில்லை. முன்பு இரண்டு மாநிலங்களும் சேர்ந்து முழுதாக வசூலித்த வரியில் ஒரு பகுதி இப்போது அணியின் உரிமையாளருக்குப் போகிறது. இரண்டு கடைக்காரர்களை விலையில் மோதவிட்டு வாங்குபவர் லாபம் பார்ப்பது போன்றதுதான் இதுவும். அணியின் பெயரிலேயே கரோலைனா என்று பொதுவாக இருப்பதும், அதன் கோடை முகாம் 1995 முதல் தென் கரோலைனாவின் ஸ்பார்ட்டன்பர்க் நகரில் நடந்து வந்ததும், இந்தப் பேரத்தை ‘நம் அணி நம்மிடம் வருகிறது’ என்ற உணர்வோடு பேசுவதற்கு உதவின.

வேலைகள் என்ற கணக்கு

சட்டமன்றத்தில் கடுமையாக எதிர்த்தவர் செனட்டர் டிக் ஹார்பூட்லியன். அரசுத் தரப்பு காட்டிய பொருளாதாரப் பயன் கணக்கை அவர் அப்படியே ஏற்கவில்லை. ஒரு பொருளியலாளரை அமர்த்தி அதை மறுபடி கணக்கிடச் செய்தார். அந்த மறு கணக்கு, உருவாகும் வேலைகள் சொல்லப்பட்டதைவிட மிகக் குறைவு என்றும் மாநிலத்துக்கு இறுதியில் நட்டமே என்றும் சொன்னது. ஒரே திட்டத்துக்கு ஒரு கணக்கு பெரும் லாபத்தையும் மற்றொன்று நட்டத்தையும் காட்டுவது எப்படி என்பதே தொடக்க நிலை வாசகர் கேட்க வேண்டிய கேள்வி. விடை கூட்டல் கழித்தலில் இல்லை. கணக்கைத் தொடங்கும்போது எதை உண்மை என்று வைத்துக்கொள்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

ஆட்டக்காரரும் பயிற்சியாளரும் குடும்பத்தோடு ராக் ஹில் பக்கம் குடிவந்து, வாங்கும் ஊதியத்தை அங்கேயே செலவழிப்பார்கள் என்று வைத்துக்கொண்டால் கணக்கு ஓங்கி வளரும். அவர்கள் வீடு வாங்குவார்கள், கடைக்காரர் லாபம் பெறுவார், கடைக்காரர் அதை இன்னொருவரிடம் செலவழிப்பார் என்று ஒரு டாலரைப் பல முறை எண்ணலாம். பொருளியலில் இதைப் பெருக்கி என்பார்கள். கருத்தளவில் தவறானதும் அல்ல. ஆனால் சார்லட்டில் வீடும் பள்ளியும் உள்ள ஒரு குடும்பம் அரை மணி நேரக் கார்ப் பயணத்துக்காக வீடு மாறாது என்று வைத்துக்கொண்டால், அந்த டாலர் ராக் ஹில்லில் ஒரு முறைகூடச் சுற்றாமல் சார்லட்டுக்குத் திரும்பிவிடும். அதிலும் இவ்வளவு பெரிய ஊதியத்தின் கணிசமான பங்கு ஊர்க் கடைகளுக்குப் போகாது. மத்திய அரசின் வரிக்கும், முதலீட்டுக்கும், வேறு மாநிலத்தில் உள்ள சொந்த ஊருக்கும் போய்விடும். சாதாரணப் பள்ளி ஆசிரியரின் ஊதியம் ஊருக்குள் சுழல்வதுபோல் அது சுழல்வதில்லை.

மற்றொன்று, மாற்றீடு. ஒரு குடும்பம் சனிக்கிழமை மாலையில் பொழுதுபோக்குக்கென்று ஐம்பது டாலர் ஒதுக்கியிருக்கிறது. புதிதாக ஓர் அரங்கம் வந்தால் அந்த ஐம்பது டாலர் அங்கே போகும். முன்பு போய்க்கொண்டிருந்த திரையரங்குக்கும் உணவகத்துக்கும் போகாது. புதிய இடத்தின் வருமானத்தை மட்டும் எண்ணி, பழைய இடங்களின் இழப்பை எண்ணாமல் விட்டால் கணக்கு அழகாக வரும். அமெரிக்காவில் விளையாட்டு அரங்குகளுக்கான பொது மானியம் பற்றிப் பொருளியலாளர்கள் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்திருக்கிறார்கள். பொருளியலில் எதிலும் ஒத்துப்போகாதவர்கள்கூட, இம்மானியங்கள் ஊருக்குத் தரும் பயனைவிட வரி செலுத்துவோருக்கு வைக்கும் செலவே அதிகம் என்பதில் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள்.

அந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஆட்டம் நடக்கும் அரங்குகளைப் பற்றியவை. பயிற்சி மையத்தின் நிலை அதைவிடவும் பலவீனமானது. அரங்கத்துக்கு ஆண்டில் சில நாட்களாவது எழுபதாயிரம் பேர் வருவார்கள். பயிற்சி மையத்துக்கு ஆட்டக்காரர்களும் அலுவலர்களும் தவிர யாரும் வரப்போவதில்லை. உண்மையில் எதிரணி பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வேலி போட்டு மறைக்கும் இடம் அது. இதைத் திட்டக்காரர்களும் அறிவார்கள். அதனால்தான் பயிற்சி மைதானத்தோடு விடுதி, கடைத்தெரு, விளையாட்டு மருத்துவ மையம், அலுவலகங்கள் என்று வரைபடத்தில் சேர்ந்துகொண்டே போகும். வரைபடத்தில் சேர்வதற்குச் செலவில்லை. ஒப்பந்தத்தில், எந்த ஆண்டுக்குள் எது கட்டப்பட வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறதா என்று தேடிப் பார்த்தால் பெரும்பாலும் மைதானத்துக்கு மட்டுமே நாள் குறிக்கப்பட்டிருக்கும்.

எல்லா ஒப்பந்தங்களும் ஊருக்கு வெறுங்கையே தருகின்றன என்று சொல்வது நியாயமாகாது. டெக்சஸ் மாநிலத்தின் ஃபிரிஸ்கோ நகரமும் அதன் பள்ளி நிர்வாகமும் டல்லஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சி மையத்துக்காக 11.5 கோடி டாலர் அளித்தன. தென் கரோலைனாவின் சலுகைத் தொகையும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல். ஆனால் ஃபிரிஸ்கோ அப்பணத்துக்கு ஈடாகக் கேட்டுப் பெற்றது 12,000 இருக்கைகள் கொண்ட ஓர் உள்ளரங்கம். 2016-இல் திறக்கப்பட்ட அந்த அரங்கம் நகரத்துக்குச் சொந்தமானது. கௌபாய்ஸ் பயிற்சி செய்யும் அதே தரையில் ஊரின் உயர்நிலைப் பள்ளி அணிகள் போட்டிகளில் ஆடுகின்றன. டெக்சஸில் உயர்நிலைப் பள்ளிக் கால்பந்து என்பது ஏறத்தாழ ஊர்த் திருவிழா. அதற்கென ஓர் அரங்கத்தை அந்நகரம் எப்படியும் கட்ட வேண்டியிருந்திருக்கும். கொடுத்த விலை சரியா என்று வாதிடலாம். கையில் என்ன கிடைத்தது என்பதில் ஐயமில்லை.

கடன் பத்திரம்

ராக் ஹில்லுக்குத் திரும்புவோம். மாநிலத்தின் வரிச்சலுகை ஒரு புறம் இருக்க, நகராட்சி வேறொரு வாக்குறுதி அளித்திருந்தது. அந்த வளாகத்துக்குத் தேவையான சாலை, குழாய் போன்ற பொதுக் கட்டமைப்புகளுக்காக 22.5 கோடி டாலர் மதிப்புள்ள கடன் பத்திரங்களை அது வெளியிட வேண்டும். எழுபத்தைந்தாயிரம் பேர் வாழும் ஊருக்கு அது தலைக்கு 3,000 டாலர். இந்தக் கடனை ஊரார் பொது வரியிலிருந்து அடைக்கப்போவதில்லை, அந்த வளாகம் எழுந்தபின் அதிலிருந்து சொத்து வரிக்கு ஈடாக வரும் புதிய வருவாயைக் கொண்டே அடைக்கப்படும் என்பதுதான் திட்டம்.

கேட்பதற்கு இது மிகப் பாதுகாப்பான ஏற்பாடு. ஊராரைப் பொறுத்தவரை அப்படித்தான். ஆனால் பத்திரத்தை வாங்கப்போகும் முதலீட்டாளர் இருக்கையிலிருந்து பாருங்கள். வளாகம் எழாவிட்டால், விடுதியும் கடையும் வராவிட்டால், தன் பணத்துக்கு யார் பொறுப்பு? நகரம் தன் பொது வருவாயை ஈடாக வைத்தால் முதலீட்டாளருக்கு அச்சமில்லை, ஊராருக்கு ஆபத்து. அணியின் உரிமையாளர் உத்தரவாதம் தந்தால் ஊராருக்கு அச்சமில்லை, அவருக்கு ஆபத்து. இருவரும் தராவிட்டால் பத்திரம் விலைபோகாது. இந்த வகைக் கடனின் சிக்கல் முழுவதும் இந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆபத்து எங்கும் மறைந்துவிடுவதில்லை. யாரோ ஒருவர் அதை மடியில் கட்டிக்கொண்டே ஆக வேண்டும்.

இதே இடத்தில் அமெரிக்க நகராட்சிக் கடன் பத்திரங்களின் ஒரு விநோதத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் வேறு ஊர்களின் விவாதங்களைப் படிக்கும்போது அது குறுக்கிடும். இப்பத்திரங்களின் வட்டிக்கு மத்திய அரசின் வருமான வரி கிடையாது. அதனால் முதலீட்டாளர் குறைந்த வட்டிக்கே சம்மதிப்பார். விட்டுக்கொடுக்கப்பட்ட அந்த வரியை, அவ்வணியின் பெயரைக் கேட்டிராத மாநிலங்களில் உள்ளவர்களும் சேர்ந்தே சுமக்கிறார்கள். தனியார் அணிகளுக்காக இச்சலுகை பயன்படுவதைத் தடுக்க 1986-இன் வரிச் சட்டம் ஒரு விதி வைத்தது. கட்டடத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் தனியார் பயன்படுத்தி, கடனிலும் பத்து சதவீதத்துக்கு மேல் அவர்களிடமிருந்து வரும் பணத்தால் அடைக்கப்பட்டால் வரிவிலக்கு கிடையாது. நகரங்கள் அணிகளைக் கைவிடும் என்று சட்டம் எழுதியவர்கள் எதிர்பார்த்தார்கள். நகரங்களோ வேறு வழி கண்டுபிடித்தன: அணியிடம் வாடகையைக் குறைத்துக்கொண்டு, பெரும்பகுதிக் கடனைப் பொது வரியிலிருந்தே அடைத்தால் விதியை மீறியதாகாது. ஆக, பொதுப்பணத்தைக் காக்க வந்த விதி, அணியிடம் நியாயமான வாடகை வாங்கும் நகரத்தையே தண்டிப்பதாக முடிந்தது.

சொன்னதும் நடந்ததும்

ராக் ஹில்லில் 2020 ஜூலையில் பூமி பூஜைக்கு ஈடான சடங்கு நடந்தது. எஃகு எழும்பத் தொடங்கியது. பத்திரங்கள் 2021 பிப்ரவரி இறுதிக்குள் வெளியாகியிருக்க வேண்டும், வெளியாகவில்லை. அணி தரப்பு தன் பணத்தைப் போட்டுப் பணியைத் தொடர்ந்து, 17 கோடி டாலருக்கும் மேல் செலவிட்டபின் 2022 மார்ச்சில் வேலையை நிறுத்தியது. ஏப்ரலில் ஒப்பந்தங்களை முறித்துக்கொண்டது. நகராட்சி வாக்குத் தவறியது என்று டெப்பர் தரப்பு சொன்னது. தன்னால் இயன்ற முயற்சி அனைத்தையும் செய்ததாகவும் எந்த உடன்படிக்கையையும் மீறவில்லை என்றும் நகராட்சி சொன்னது. கட்டுமானத்துக்கென டெப்பர் தரப்பு அமைத்திருந்த ஜி.டி. ரியல் எஸ்டேட் ஹோல்டிங்ஸ் என்ற நிறுவனம் அவ்வாண்டு ஜூன் 1 அன்று டெலவேர் மாநிலத்தில் திவால் பாதுகாப்பு கோரி மனுச் செய்தது. அணிக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கட்டடத்துக்கென்று தனி நிறுவனம், ஆட்டத்துக்கென்று தனி நிறுவனம். பேச்சுவார்த்தை மேசைக்கு வந்தவர் கோடீஸ்வரராக இருக்கலாம், ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது எந்த நிறுவனம், அதன் பெயரில் என்ன சொத்து இருக்கிறது என்பது வேறு கேள்வி. பெரிய மனிதரின் முகத்தைப் பார்த்துச் சிறிய ஊர்கள் கேட்க மறக்கும் கேள்வியும் அதுவே.

இங்கே யார்க் கவுண்டி வருகிறது. ராக் ஹில் நகரை உள்ளடக்கிய நிர்வாக வட்டம் அது. 2020 கணக்கெடுப்பில் சுமார் 2.8 லட்சம் மக்கள். சாலைகளைச் சீரமைப்பதற்கென்று, பொருட்களின் விலையில் ஒரு சதவீதம் கூடுதல் விற்பனை வரி செலுத்த அவ்வட்டத்து மக்கள் 1997 முதல் வாக்கெடுப்பில் ஒப்புதல் அளித்து வந்திருக்கிறார்கள். அப்படித் திரண்ட பணத்திலிருந்து சுமார் 2.1 கோடி டாலரை, வளாகத்தை ஒட்டிய சாலை விரிவாக்கத்துக்காக அந்தக் கட்டுமான நிறுவனத்திடம் கவுண்டி முன்கூட்டியே கொடுத்திருந்தது. சாலை போடப்படவில்லை, நிறுவனம் திவால் மனுச் செய்துவிட்டது, கவுண்டி நீதிமன்றம் போனது.

இரண்டு தொகைகளையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2019-இல் மாநிலமே அல்லோலகல்லோலப்பட்டது 11.5 கோடி டாலர் சலுகை பற்றி. ஐம்பது லட்சம் மக்கள் கொண்ட மாநிலத்தில் அது தலைக்கு 23 டாலர், அதுவும் 15 ஆண்டுகளில். செனட்டர் உரையாற்றினார், பொருளியலாளர் அறிக்கை தந்தார், தலையங்கங்கள் எழுதப்பட்டன. யார்க் கவுண்டியின் 2.1 கோடியோ தலைக்கு 75 டாலர். சாலைப் பணி என்ற பெயரில் அது போனதால் யாரும் பெரிதாகத் திரும்பிப் பார்க்கவில்லை. பெரிய தொகை, வேலைகள் வந்தபின் கொடுப்பது. சிறிய தொகை, வேலை நடக்குமுன் கொடுத்தது. இத்தகைய ஒப்பந்தங்களில் தொகையின் அளவைவிட, எது நடந்தபின் எது கைமாறுகிறது என்ற வரிசையே முக்கியம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான். வேலைகள் வரட்டும், பிறகு வரியைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்பவர் ஏமாந்தாலும் இழப்பதற்குக் கையில் ஒன்றும் கொடுத்திருக்கமாட்டார். எதிர்த்தவர்களின் கணக்கு சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அவர்கள் காவல் நின்ற வாசல் வேறு, பணம் போன வாசல் வேறு.

பொருளாதாரக் கணக்கு வேண்டாம், எங்கள் அணி எங்களுக்குப் பெருமை, அதற்காகச் செலவழிக்கிறோம் என்று ஓர் ஊர் சொன்னால் அதைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஊர்ப் பூங்காவுக்கும் தேருக்கும் லாப நட்டம் பார்ப்பதில்லையே. சங்கடம் என்னவென்றால், யாரும் அப்படிச் சொல்லி வாக்குக் கேட்பதில்லை. வேலை வரும், வரி வரும் என்றே கேட்கிறார்கள். சார்லட் நகரமன்றம் 2024 ஜூனில் இதே பாந்தர்ஸ் அணியின் ஆட்ட அரங்கத்தைப் புதுப்பிக்க 65 கோடி டாலர் ஒதுக்கியது. உணவகம், விடுதி போன்றவற்றின் மீதான வரியிலிருந்து அது வருகிறது. அதைச் சுற்றுலா சார்ந்த பணிகளுக்கு மட்டுமே செலவிட முடியும், ஆகவே பள்ளிக்கோ காவல்துறைக்கோ போகவேண்டிய பணம் இதில் இல்லை என்பது வாதம். சட்டப்படி அது உண்மை. ஆனால் உணவகத்துக்குப் போகிறவரில் உள்ளூர்க்காரரும் உண்டு. தன் இட்லிக்கோ பர்கருக்கோ சேர்த்துக் கட்டிய சில காசுகள் எங்கே போகின்றன என்று கேட்கும் உரிமை அவருக்கும் உண்டு.

ராக் ஹில் வழக்குகள் சமரசத்தில் முடிந்தன. யார்க் கவுண்டி கொடுத்த 2.1 கோடி டாலரைத் திருப்பித் தர நிறுவனம் ஒப்புக்கொண்டது. நகராட்சிக்கு, அந்த 240 ஏக்கரை விற்பதிலிருந்து 2 கோடி டாலர் என்று ஏற்பாடாயிற்று. ஒப்பந்ததாரர்களின் பாக்கிக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டது. சட்டமன்றம் மாதக்கணக்கில் மோதிக்கொண்ட 11.5 கோடி டாலர் சலுகை கடைசிவரை கைமாறவேயில்லை. அதைக் கேட்டுப் பெறுவதற்கு முதலில் அங்கே ஆட்டக்காரர்கள் ஒரு நாளாவது பயிற்சி செய்திருக்க வேண்டும்.